ஆறு எபிசோடு சீரீஸை ஒரே படமாக்குவது: எதை வெட்டுவது, எதை விடுவது?

செவ்வகம் (கேள்வி):

வணக்கம். ஆறு எபிசோடு த்ரில்லர் சீரீஸ், ஒவ்வொன்றும் 50 நிமிடம், மொத்தம் 300. நான்கு ட்ராக் ஓடுகிறது: விசாரிக்கும் இன்ஸ்பெக்டர், கொலையான பெண்ணின் அப்பா, ஒரு எம்.எல்.ஏ., துறைமுகத்தில் சரக்கு இறக்கும் பையன். இதை 140 நிமிடத்துக்குள் தியேட்டர் படமாக்க வேண்டும்.

ஒவ்வொரு எபிசோடிலிருந்தும் முக்கியமான சீன்களை எடுத்து வரிசையாக ஒட்டிப் பார்த்ததில் 190 நிமிடம் வருகிறது. நீளம்கூடப் பரவாயில்லை, பார்க்கும்போது ஒரு நீண்ட ட்ரெய்லர் மாதிரி இருக்கிறது. எல்லாம் நடக்கிறது, யார்மேலும் மனசு ஒட்டவில்லை.

கேள்விகள்: இருக்கும் ஃபுட்டேஜை மறுபடி வெட்டினால் போதுமா, புதிதாக எழுதிச் சில நாள் ஷூட் செய்யத்தான் வேண்டுமா? சீரீஸிலிருந்து படமான வெளிநாட்டுக் கதைகளில் இதை எப்படிச் சமாளித்தார்கள்? இடைவேளையை எங்கே வைப்பது? ஷூட் 16:9, 25 ஃப்ரேம். தியேட்டருக்கு என்னென்ன மாற்ற வேண்டும்?

—

சீன் நம்பர் 42:

செவ்வகம், சீன்களை எண்ணுவதை நிறுத்திவிட்டு ட்ராக்குகளை எண்ணுங்கள். நான்கையும் வைத்துக்கொண்டால் ஆளுக்கு 35 நிமிடம். அந்த 35-இல் ஒருவரை அறிமுகம் செய்து, சிக்கலில் மாட்டிவிட்டு, அவர் மாறுவதைக் காட்டி முடித்துவைக்க முடியாது. அதனால்தான் ட்ரெய்லர் வாடை அடிக்கிறது. மூன்று என்றால் ஆளுக்கு 46. இரண்டு முழு ட்ராக், ஒரு அரை ட்ராக் என்றால் 55, 55, 30. உங்கள் கதைக்கு இந்தக் கடைசிக் கணக்குதான் சரிவரும் என்று தோன்றுகிறது.

நீங்கள் கட்டாயம் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய ஜோடி, 1989-இல் இங்கிலாந்தின் சேனல் 4-இல் ஆறு பாகமாக வந்த 'டிராஃபிக்' சீரீஸும், 2000-இல் ஸ்டீவன் சோடர்பெர்க் இயக்கிய 'டிராஃபிக்' படமும். ஆங்கிலத்தில் சீரீஸின் பெயர் 'கே'யில் முடியும், படத்தின் பெயர் 'சி'யில் முடியும். தேடும்போது குழம்பாதீர்கள். சீரீஸை எழுதியவர் சைமன் மூர். ஹெராயின் பாகிஸ்தானில் விளைந்து, ஹாம்பர்க் வழியாக லண்டன் வருகிறது. ஒரு முனையில் கசகசா பயிரிடும் விவசாயி, நடுவில் ஹாம்பர்க் கடத்தல்காரரின் மனைவி, மறுமுனையில் போதைக்கு அடிமையான மகளைப் பெற்ற பிரிட்டிஷ் அமைச்சர்.

படம் 147 நிமிடம். திரைக்கதை எழுதிய ஸ்டீபன் கேகன் என்ன செய்தார் பாருங்கள். அமைச்சர் ட்ராக் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அவர் ஒஹாயோ நீதிபதியாகி, அமெரிக்க அரசின் போதை ஒழிப்புப் பொறுப்புக்கு வருகிறார். மகளின் பெயர் கரோலின் என்பதைக்கூட மாற்றவில்லை. கடத்தல்காரரின் மனைவி ஹெலன், ஹெலனா ஆகி சான்டியேகோவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். விவசாயி மட்டும் மொத்தமாகக் காலி. அந்த இடத்தில் டிஹுவானா போலீஸ்காரர் ஒருவர் வருகிறார்.

ஏன் விவசாயி? அவருடைய ட்ராக் நிற்க வேண்டுமானால் நிலம், பயிர், அரசின் நெருக்கடி, அவர் கராச்சிக்குப் போய்க் கடத்தல் முதலாளியிடம் வேலைக்குச் சேர்வது என்று அடுக்கடுக்காகச் சொல்லியாக வேண்டும். ஐந்து மணி நேரத்தில் அது சீரீஸின் ஆகச் சிறந்த பகுதி. இரண்டரை மணி நேரத்தில் அதுவே பாரம். போலீஸ்காரர் முதல் காட்சியிலேயே சரக்கோடு நிற்கிறார், யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. எந்த ட்ராக்கை எடுப்பது என்பதற்கு என் அளவுகோல் இதுதான்: எது நன்றாக இருக்கிறது என்று பார்க்காமல், எது தொடங்குவதற்கே அதிக நிமிடம் கேட்கிறது என்று பாருங்கள்.

இன்னொன்று. சீரீஸில் ஊர் மாறும்போது பார்வையாளருக்கு இடம் பிடிபட நேரம் இருக்கிறது. படத்தில் அந்த வேலையை நிறம் செய்கிறது. மெக்சிகோ என்றால் புகையிலை மஞ்சள், ஒஹாயோவும் வாஷிங்டனும் என்றால் சில்லிட்ட நீலம், சான்டியேகோ வெளிச்சம் தூக்கலான இயல்பு நிறம். கட் ஆன நொடியில் எந்த ட்ராக் என்று தெரிந்துவிடுகிறது. ஊர்ப்பெயர் சொல்லும் வசனமும், கட்டடத்தை வெளியிலிருந்து காட்டும் ஷாட்டும் தேவைப்படுவதில்லை. ஒளிப்பதிவையும் சோடர்பெர்க்தான் வேறு பெயரில் செய்தார். உங்களிடம் மூன்று ட்ராக் மிஞ்சினால், கலரிஸ்ட்டோடு இதைப் பற்றி முதலிலேயே பேசிவிடுங்கள்.

இரண்டாவது ஜோடி 'ஸ்டேட் ஆஃப் பிளே'. 2003-இல் பிபிசியில் ஆறு எபிசோடு, எழுதியவர் பால் அபட், இயக்கியவர் டேவிட் யேட்ஸ். 2009-இல் கெவின் மெக்டொனால்ட் இயக்கிய 127 நிமிடப் படம். இதில் கற்க வேண்டியது ஒரே ஒரு தந்திரம்: நடப்பதை நடந்து முடிந்ததாக்குவது. சீரீஸில் பத்திரிகையாளருக்கும் அரசியல்வாதியின் மனைவிக்கும் உறவு நம் கண்முன்னே தொடங்கி, வளர்ந்து, நாறிப்போகிறது. அதற்கு எத்தனையோ சீன். படத்தில் அந்த உறவு பழைய கதை. இருவரும் ஒரே அறையில் நிற்கும்போது பார்வையிலும் ஓரிரண்டு வரியிலும் விஷயம் முடிந்துவிடுகிறது. குற்றவுணர்வு அப்படியே இருக்கிறது, நிமிடங்கள் மிச்சம். அதேபோல் சீரீஸில் ஆசிரியரின் மகனாக வரும் ஃப்ரீலான்ஸ் நிருபர் படத்தில் இல்லை. அவர் வேலையை மற்றவர்கள் பிரித்துக்கொள்கிறார்கள்.

உங்கள் கதையில் அப்பாவுக்கும் எம்.எல்.ஏ.வுக்கும் பழைய பழக்கம் உண்டென்றால், அது உருவாவதைக் காட்டாதீர்கள், உருவாகி முடிந்ததாக வையுங்கள்.

வேலை செய்யும் முறை: ஒவ்வொரு சீனுக்கும் ஒரு அட்டை, ட்ராக்குக்கு ஒரு நிறம். ஒவ்வொரு அட்டையிலும் அந்த சீனில் பார்வையாளருக்குப் புதிதாகத் தெரிவது என்ன என்று ஒரே வரி எழுதுங்கள். வாராவாரம் வரும் சீரீஸில் சென்ற வாரம் நடந்ததை வசனத்திலேயே ஞாபகப்படுத்தும் சீன் ஒவ்வொரு எபிசோடின் தலையிலும் இருக்கும். அந்த அட்டைகளில் எழுத ஒன்றும் இருக்காது. முதலில் அவை போகட்டும். டைட்டில் ஒன்றரை நிமிடம், கடைசி எழுத்துகள் இரண்டு நிமிடம் என்றால் ஆறு எபிசோடுக்கு 21 நிமிடம் சும்மாவே போய்விடும். அதன்பிறகும் 190-இல் நின்றால் சீனைத் தொடாதீர்கள், ட்ராக்கைத் தூக்குங்கள். துறைமுகப் பையன் என்று என் பந்தயம்.

—

மறுவெட்டு:

42 சொன்னது எழுதி எடுப்பவர்களுக்கு. ஃபுட்டேஜை மட்டும் வைத்து வெட்டுவது வேறு வித்தை.

வெட்டியே ஜெயித்தவற்றைப் பாருங்கள். பெர்க்மனின் 'சீன்ஸ் ஃப்ரம் எ மேரேஜ்', 1973, ஸ்வீடன் டிவியில் ஆறு எபிசோடு, ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. தியேட்டர் வடிவம் மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. 16 எம்.எம்.-இல் எடுத்து 35-க்குப் பெரிதாக்கினார்கள். ஏன் தாங்கியது? கணவன், மனைவி, பேச்சு. ஒரே ட்ராக். பேச்சைச் சுருக்கலாம், ஆள் தொலைவதில்லை. வொல்ஃப்காங் பீட்டர்சனின் 'தாஸ் போட்' தொடக்கத்திலேயே இரண்டு வடிவத்துக்கும் திட்டமிட்டு எடுத்தது. 1981-இல் இரண்டரை மணி நேரப் படம், பிறகு டிவியில் ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான சீரீஸ், 1997-இல் மூன்றரை மணி நேர இயக்குநர் வடிவம். அதுவும் ஒரே நீர்மூழ்கி, ஒரே குழு. சீரீஸில் காத்திருப்பு அதிகம், படத்தில் குறைவு. கதை ஒன்றுதான்.

பல ட்ராக் இருக்கும் சீரீஸை வெறும் கத்தரிக்கோலால் ஒரே படமாக்கி நன்றாக வந்தது அபூர்வம். ஜப்பானில் 'மொபைல் சூட் குண்டம்' 43 எபிசோடையும் 1981–82-இல் படமாக்கியபோது ஒன்று போதவில்லை, மூன்று படம் ஆயிற்று. மூன்றாவதில் நிறையப் புதிதாக வரைந்தும் சேர்த்தார்கள். அனிமேஷனில் அது முடியும். உங்களுக்கு அதற்குச் சமமானது நாலைந்து நாள் பேட்ச் ஷூட், அதாவது விடுபட்டதை நிரப்ப எடுக்கும் சின்ன ஷூட்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: நான்கு ட்ராக்கை வைத்துக்கொண்டு வெட்டினால் சரிவராது. ஒரு ட்ராக்கை முழுசாகவும் இன்னொன்றைப் பாதியும் எடுத்துவிட்டு வெட்டினால் வரும், ஆனால் தையல் தெரியும். அந்தத் தையலை மறைக்கத்தான் பேட்ச் ஷூட்.

தையல் எங்கெல்லாம் பிரியும் என்று சொல்கிறேன்.

முதலாவது, ரீஆக்‌ஷன். பையன் ட்ராக்கைத் தூக்கியபின், இன்ஸ்பெக்டர் ஃபோனில் கேட்டு அதிரும் ஷாட் இருக்கும். ஆனால் என்ன கேட்டார் என்பது தூக்கிய சீனில் போயிருக்கும். ஃபோன் குரலை மட்டும் புதிதாக டப் செய்தால் சரியாகிவிடும், மலிவான வைத்தியம். ஆள் திரும்பி நிற்கும் ஷாட், கார் போகும் ஷாட் எல்லாவற்றையும் எடிட்டிங் மென்பொருளில் தனி ஃபோல்டரில் (பின்) போட்டு வையுங்கள். புது வசனம் ஒளித்துவைக்கும் இடம் அதுதான்.

இரண்டாவது, எபிசோடு முடிவுகள். ஆறு கொக்கி இருக்கும். ஒவ்வொன்றிலும் இசை ஏறி, முகத்தில் நின்று, கறுப்பாகும். படத்துக்குள் 23-ஆவது நிமிடத்தில் ஒரு முறை, 46-இல் ஒரு முறை இப்படி ஏறி இறங்கினால் பார்ப்பவருக்குப் படம் முடிந்து முடிந்து தொடங்குவது போல இருக்கும். இடைவேளைக்கு ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற ஐந்திலும் இசையைக் கழற்றிவிட்டு அடுத்த சீனின் சத்தத்தை முன்னாலேயே நுழைத்துவிடுங்கள்.

இடைவேளை: எல்லோரும் மூன்றாவது எபிசோடு முடிவை வைப்பார்கள், பாதி என்பதால். சுருக்கும்போது முன்பாதி அவ்வளவு சுருங்காது. அறிமுகங்களில் கை வைக்க முடியாது, பின்பாதியில்தான் துரத்தல்களைக் குறைக்கலாம். ஆக 70-ஆவது நிமிடத்தில் இரண்டாம் எபிசோடு முடிவுதான் வந்து நிற்கும். அதையே பலமாக்கப் பாருங்கள். மூன்றாவதை இழுத்துப்பிடித்து அங்கே கொண்டுவந்தால் முன்பாதி மூச்சு வாங்கும்.

மூன்றாவது, துக்கம். இதை யாரும் சொல்வதில்லை. 'எட்ஜ் ஆஃப் டார்க்னஸ்' 1985-இல் பிபிசி சீரீஸ், 2010-இல் 117 நிமிடப் படம். இரண்டையும் இயக்கியவர் மார்ட்டின் கேம்ப்பெல்தான். மகளைக் கண்ணெதிரே சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள், அப்பா போலீஸ்காரர். சீரீஸில் கொலைக்குப் பிறகு அவர் மகளின் அறைக்குப் போய், அவள் பொருள்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கிறார். அங்கே ஒரு துப்பாக்கியும் கிடைக்கிறது. துக்கமும் துப்பும் ஒரே அறையில், அவசரமே இல்லாமல். அந்த அறையில் நின்ற நேரம்தான் மிச்சமுள்ள எபிசோடுகளைத் தாங்குகிறது. படத்தில் மகளின் நினைவு வருகிறது, குரல் வருகிறது, ஆனால் சதி விறுவிறுவென்று இழுத்துப் போய்விடுகிறது. இயக்குநர் ஒருவரே. ஆனாலும் 117 நிமிடம் அவ்வளவுதான் கொடுக்கும். உங்கள் கதையிலும் கொலையான பெண்ணின் அப்பா இருக்கிறார். எதை வெட்டினாலும் அவர் சும்மா இருக்கும் சீன் ஒன்றைத் தொடாதீர்கள். 'லேக்' என்று முதலில் கத்துவார்கள். கத்தட்டும்.

—

கிளாப்போர்டு:

கதைக்குத் தொந்தரவில்லாமல் 4 சதவீதம் குறைக்க எளிய வழி: 25 ஃப்ரேமில் எடுத்ததை 24-க்கு மாற்றினாலே 300 நிமிடம் 288 ஆகிவிடும் :)

—

முதல்பிரதி:

கிளாப்போர்டு, தலைகீழ். 25-இல் எடுத்த அதே ஃப்ரேம்களை நொடிக்கு 24 வீதம் ஓட்டினால் மெதுவாகும், நீளும். 300 நிமிடம் 312½ ஆகும். 140 நிமிடப் படம் என்பது 2,10,000 ஃப்ரேம். 24-இல் ஓட்டினால் 145 நிமிடம் 50 நொடி. 288 வருவது 24-இல் எடுத்ததை 25-க்கு மாற்றும்போதுதான். சினிமாவை ஐரோப்பிய டிவியில் போட்டபோது அதைத்தான் செய்தார்கள்.

செவ்வகம், கவனிக்க வேண்டியது நீளத்தைவிட ஒலியை. 24-க்கு இறக்கினால் குரல் ஏறக்குறைய முக்கால் அரைஸ்வரம் கனத்துவிடும். கதாநாயகி ஜலதோஷம் பிடித்த மாதிரி பேசுவார். சுருதி திருத்தும் மென்பொருள் இருக்கிறது, ஆனால் இசையில் அது தடம் விடும். இதைவிட நல்ல வழி 25-லேயே டிசிபி (தியேட்டர் சர்வரில் ஏற்றும் டிஜிட்டல் பிரதி) செய்வது. இப்போதுள்ள எஸ்எம்பிடிஇ வகை டிசிபி 25-ஐ ஏற்கும். பழைய இன்டராப் வகை என்றால் 24தான் பாதுகாப்பு. ரிலீஸ் ஆகும் தியேட்டர்களில் பழைய சர்வர் இருக்கலாம். இரண்டு நிமிடச் சோதனை டிசிபி ஒன்று செய்து, இருப்பதிலேயே சின்ன தியேட்டரில் ஓட்டிப் பார்த்தபின் முடிவெடுங்கள். மென்பொருள் ஃப்ரேமை இடையில் சேர்த்தோ தூக்கியோ 24 ஆக்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கேமரா பக்கவாட்டில் நகரும் ஷாட்டில் நொடிக்கொரு முறை சின்னதாகத் துள்ளும். லேப்டாப்பில் தெரியாது, திரையில் பல்லிளிக்கும்.

சட்டம்: 16:9-ஐ ஸ்கோப்பாக்கும் (2.39:1 அகலச் சட்டம்) ஆசை எல்லோருக்கும் வரும். 3840×2160-ஐ 2.39-க்கு வெட்டினால் 1607 வரிதான் மிஞ்சும். 553 வரி, அதாவது நாலில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். டிவிக்கு எடுத்தவர்கள் முகத்தை நெருக்கமாக வைத்திருப்பார்கள். தலையையோ தாடையையோ பலிகொடுக்க வேண்டிவரும். ஷாட்டுக்கு ஷாட் மேலும் கீழும் நகர்த்திச் சரிக்கட்டலாம், 140 நிமிடத்துக்கு அது வாரக்கணக்கில் வேலை. ஃபிளாட்டில் (1.85:1 சட்டம்) போங்கள். 1.85-க்கு வெட்டினால் மேலே 42, கீழே 42 வரிதான் இழப்பு. அதுவும் வேண்டாமென்றால் 1998×1080 சட்டத்துக்குள் 1920×1080-ஐ அப்படியே வைக்கலாம். இருபுறமும் 39 பிக்சல் கறுப்பு. படம் தொடங்கிய ஒரு நிமிடத்தில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கலர்: டிவி மாஸ்டர் 100 நிட் (வெளிச்ச அளவு) திரைக்குத் தரப்படுத்தியது. தியேட்டரில் வெள்ளையே 48 நிட்தான், காமாவும் வேறு. கன்வெர்ட் பட்டனைத் தட்டி அனுப்பினால் எண்கள் சரியாக இருக்கும், ஆனால் இரவு சீன்கள் சேறாகத் தெரியலாம். ப்ரொஜக்டர் உள்ள டிஐ (நிறம் திருத்தும்) அறையில் இரவு சீன்களை மட்டுமாவது முழுசாக ஓட்டிப் பாருங்கள்.

சத்தம்தான் அதிகம் ஏமாற்றும். டிவி மிக்ஸ் வீட்டு ஹாலில் ஃபேன் சத்தத்துக்கு நடுவே கேட்பதற்காக அமுக்கி வைத்தது. மெதுவான பேச்சும் வெடிச்சத்தமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். அதைத் தியேட்டரில் போட்டால் இரண்டரை மணி நேரமும் ஒருவர் காதருகே கத்துவது போல இருக்கும். ஸ்டீரியோவிலிருந்து 5.1 உருவாக்கித் தருகிறோம் என்பதையும் நம்ப வேண்டாம். வசனம் நடு ஸ்பீக்கரை விட்டு வழிந்து திரை முழுக்கப் பரவிவிடும். வசனம், எஃபெக்ட், இசை மூன்றும் தனித்தனி ஸ்டெமாக (தனி ஒலிக்கோப்பாக) இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். இல்லையென்றால் ஆர்.ஆர். (பின்னணி இசை) செய்தவரின் செஷன் ஃபைலாவது வேண்டும். ஸ்டெம் இல்லாமல் மறுவெட்டில் இறங்கவே முடியாது. சீனை நடுவில் வெட்டியதும் அடியில் ஓடும் இசை துண்டாகிவிடும்.

—

செவ்வகம்:

மிக்க நன்றி. ஸ்டெம் இருக்கிறது. இசையில் மட்டும் நான்கு இடத்தில் லைப்ரரி ட்ராக் (உரிமம் வாங்கிப் போடும் ரெடிமேட் இசை) போட்டிருக்கிறது. எம்.எல்.ஏ. ட்ராக்கை எடுத்தால் கொலைக்கான காரணமே போய்விடுகிறது, பையனை எடுத்தால் கிளைமாக்ஸ் போய்விடுகிறது. அங்கேதான் நிற்கிறேன்.

—

ஒற்றைச்சுருள்:

எல்லோரும் ஆறையும் ஒன்றாக்கப் பார்க்கிறீர்கள். எதிர்த்திசையிலும் ஒரு வழி உண்டு: ஒரே ஒரு எபிசோடை எடுத்துப் பெரிதாக்குவது.

கீஸ்லோவ்ஸ்கியின் 'டெகலாக்', போலந்து டிவிக்கான பத்து பாகம், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதில் ஐந்தாவதும் ஆறாவதும் மட்டும் தனிப் படங்களாகவும் வந்தன: 'எ ஷார்ட் ஃபிலிம் அபவுட் கில்லிங்', 'எ ஷார்ட் ஃபிலிம் அபவுட் லவ்'. இரண்டும் 1988. படங்கள்தான் முதலில் வெளியாயின, டிவியில் முழுசாக ஒளிபரப்பானது பிறகு. முதல் படம் 84 நிமிடம். ஏறக்குறைய அரை மணி நேரம் கூடுதல், ஆனால் புது ட்ராக் ஏதும் நுழையவில்லை. ஒரு இளைஞன் டாக்ஸி டிரைவரைக் கொல்வதும், அரசு அவனைத் தூக்கிலிடுவதும்தான் கதை. நேரம் கூடியபோது கொலை இன்னும் மெதுவாக, இன்னும் சகிக்க முடியாததாக ஆனது. அந்த நீளத்துக்குத்தான் தியேட்டர்.

இரண்டாவதில் முடிவே வேறு. எதிர்வீட்டுப் பெண்ணைத் தொலைநோக்கியில் பார்க்கும் இளைஞன். டிவியில் அவன் கடைசியில் 'இப்போது உங்களைப் பார்ப்பதில்லை' என்று சொல்லிவிடுகிறான், கதவைச் சாத்தின மாதிரி. படத்தில் அவள் அவன் அறைக்கு வந்து, அதே தொலைநோக்கியில் தன் வீட்டைப் பார்க்கிறாள். அங்கே அழுதுகொண்டிருக்கும் தன்னையும், அருகில் வந்து ஆறுதல் சொல்லும் அவனையும் காண்கிறாள். ஒரே ஃபுட்டேஜ் குடும்பம், இரண்டு கதை.

செவ்வகம், உங்கள் ஆறில் ஏதாவது ஒரு எபிசோடு கிட்டத்தட்டத் தனியாக நிற்கிறதா? அப்பா பெரும்பாலும் வரும் எபிசோடு? அதை 50-லிருந்து 95 ஆக்குவது, 300-ஐ 140 ஆக்குவதைவிட எளிது. பேட்ச் ஷூட்டும் ஒரே ஆள், ஒரே வீடு.

—

சீன் நம்பர் 42:

ஒற்றைச்சுருள் சொன்னதை ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு: அந்த எபிசோடின் கேள்விக்குப் பதில் அந்த எபிசோடுக்குள்ளேயே கிடைக்க வேண்டும். கொலையாளி ஆறாவதில்தான் தெரிவான் என்றால் ஐந்தைத் தனியாக விற்க முடியாது.

எம்.எல்.ஏ. விஷயத்துக்கு: ட்ராக்கை எடுப்பது என்றால் ஆளையே எடுப்பது இல்லை. அவர் கண்ணோட்டத்தில் நடக்கும் சீன்களை மட்டும் எடுங்கள். இன்ஸ்பெக்டர் பார்க்கும்போது மட்டும் அவர் இருக்கட்டும். வீட்டில் மனைவியோடு, கட்சி ஆபீஸில், தனியாகக் காரில் என்று வரும் எல்லாம் போகும். காரணம் விசாரணை வழியாகவே தெரியவரும்.

'தி ஃபியூஜிட்டிவ்' 1963–67 சீரீஸ் 120 எபிசோடு. வாரம் ஒரு ஊர், வாரம் ஒரு முகம், நடுவில் ஒற்றைக்கையனைத் தேடும் டாக்டர். சீரீஸில் ஒற்றைக்கையன் ஒரு திருடன், அவ்வளவுதான். 1993 படம் ஊர்களை எல்லாம் துடைத்துவிட்டு, கொலைக்குப் பின்னால் ஒரு மருந்து கம்பெனியை வைத்தது. சுற்றிக்கொண்டே இருக்கும் கதைக்கு அதனால்தான் 130 நிமிடத்தில் ஒரு முடிவு கிடைத்தது. அந்தச் சதியைத் தனி ட்ராக்காக ஓட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். டாக்டர் தோண்டத் தோண்டத்தான் நமக்கும் தெரிகிறது.

—

முதல்பிரதி:

லைப்ரரி இசை என்றதும் ஞாபகம் வந்தது, காகித வேலையைச் சொல்லிவிடுகிறேன். வெட்டத் தொடங்குமுன் இதைப் பாருங்கள்.

லைப்ரரி இசை, ஸ்டாக் காட்சி, எழுத்துரு மூன்றின் உரிமத்திலும் 'தியேட்டர் வெளியீடு' என்று தனியாக இருக்கிறதா பாருங்கள். டிவிக்கும் இணையத்துக்கும் மட்டும் வாங்கியிருப்பார்கள். நான்கு இடம்தானே, முடியாவிட்டால் இசையமைப்பாளரை வைத்து மாற்றிவிடுங்கள்.

எழுத்தாளர் ஒப்பந்தம்: காப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்று எடுத்துக்கொள்ளப்படும். சீரீஸ் வந்து நான்கு ஆண்டு ஆகியிருந்தால், படம் வருவதற்குள் அந்த ஐந்து முடிந்துவிடக்கூடும். 'தொலைக்காட்சித் தொடர்' என்று மட்டும் எழுதியிருந்தால் படத்துக்குப் புதிதாக ஒப்பந்தம் போடுவதுதான் நல்லது. ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

தணிக்கை: சீரீஸ் இணையத்தில் வந்தபோது சான்றிதழ் தேவைப்பட்டிருக்காது, தியேட்டருக்குக் கட்டாயம். 2023 திருத்தத்துக்குப் பிறகு யூஏ என்பது 7+, 13+, 16+ என்று பிரிந்திருக்கிறது. மாட்டிக்கொள்ளும் இடம் விலங்குகள். மாடு, நாய், குதிரையை நடிக்க வைத்திருந்தால் விலங்கு நல வாரியத்தின் சான்று கேட்பார்கள், அதற்கு ஷூட்டுக்கு முன்பே அனுமதி பெற்றிருக்க வேண்டும். சீரீஸ் ஷூட்டில் அதை யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். அந்த ஷாட்டுகளை முதலிலேயே பட்டியலிட்டு, இல்லாமல் சீன் நிற்கிறதா என்று பாருங்கள்.

சிகரெட் சீன் இருந்தால் தொடக்கத்தில் 30 நொடி விளம்பரமும் 20 நொடி அறிவிப்பும், நடுவில் அதே இரண்டும். மொத்தம் 100 நொடி. இடைவேளை முடிந்து படம் தொடங்குமிடத்தை அதற்கேற்றபடி வடிவமையுங்கள். வேகமாகத் தொடங்கும் சீனுக்கு முன்னால் அதைப் போட்டால் சூடு ஆறிவிடும். சான்றிதழ் வாங்கியபின் ஒரு ஷாட் சேர்த்தாலும் குறைத்தாலும் தணிக்கை வாரியத்திடம் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். ஆகவே ரீல் பூட்டிய (இனி வெட்டு மாறாது என்று முடிவான) பிறகே அனுப்புங்கள்.

—

மறுவெட்டு:

சின்ன எச்சரிக்கை ஒன்று. சீரீஸுக்கு ரசிகர் கூட்டம் இருந்தால், அவர்கள் நேசித்த ஆளை வில்லனாக்கி ட்விஸ்ட் வைக்கும் எண்ணம் வரும். 1996 'மிஷன் இம்பாசிபிள்' அதைத்தான் செய்தது. சீரீஸில் ஆண்டுக்கணக்கில் குழுத் தலைவராக இருந்த ஜிம் ஃபெல்ப்ஸ் துரோகியானார். சீரீஸில் அந்த வேடம் போட்ட பீட்டர் கிரேவ்ஸ் இதில் நடிக்க மறுத்துவிட்டார், ஜான் வாய்ட் நடித்தார். படம் ஓடியது, ஏனென்றால் பெரும்பாலானோருக்கு ஃபெல்ப்ஸ் புது ஆள். உங்கள் சீரீஸ் வந்து சில வருடம்தான் ஆகிறது என்றால் இதைத் தவிர்த்துவிடுங்கள்.

—

செவ்வகம்:

எல்லோருக்கும் நன்றி. நான்காவது எபிசோடில் ஒரு மாட்டுவண்டி சீன் இருக்கிறது, அது போகிறது. ஃபிளாட், 25 ஃப்ரேம், சோதனை டிசிபி. எம்.எல்.ஏ.வின் தனி சீன்களைத் தூக்கிப் பார்த்ததில் 190 இப்போது 164. பையனைக் கிளைமாக்ஸுக்கு முன் இரண்டே சீனில் நட்டுவைக்க முடியுமா என்று அட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறேன். அப்பா சும்மா உட்கார்ந்திருக்கும் சீன் நாலரை நிமிடம். அதைத் தொடவில்லை.